நாளுக்கு 200 ரூபாய்: சென்னையில் அறையெடுத்துத் தங்கியிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலைக்காகச் சென்னைக்கு வந்து தனியாகத் தங்கியிருக்கும் பிள்ளைகள் பலர், சம்பளம் இருபதாம் தேதிக்கே தீர்ந்துவிடுகிறது என்று சொல்லி வழி கேட்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன் வாழ்க்கையைப் பல வருடம் வாழ்ந்தவன் என்ற முறையில் அவர்களுக்குச் சொல்லிவரும் பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். நாளுக்கு இவ்வளவுதான் என்று வரையறுத்துக்கொண்டு வாழ முடியும். அந்த வரையறையைப் பெரும்பாலும் உடைப்பவை இரண்டு: வேளை தவறிய பசி, மாதச் செலவைத் தினச் செலவோடு கலந்துவிடும் பழக்கம். ஆடம்பரத்தின் பங்கு இவற்றுக்குப் பிறகுதான். கடை விலைகள் தோராயமானவை. தெருவுக்குத் தெரு மாறும்.

200 என்ற தொகை எப்படி வந்தது?

கையில் வரும் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் வந்த அன்றே ஒதுக்க வேண்டியவை: அறை வாடகையில் உங்கள் பங்கு 5,000, வீட்டுக்கு அனுப்புவது 4,000, பஸ் பாஸ் 1,000, போன் 300, அப்புறம் 'தனி உண்டியல்' என்று நான் சொல்லும் 1,500. மொத்தம் 11,800. மீதி 6,200 ரூபாயை 31 ஆல் வகுத்தால் நாளுக்கு 200. மாதத்தில் 30 நாள்தான் என்றாலும் 31 ஆலேயே வகுங்கள். சம்பளம் ஒரு நாள் தாமதமானாலும் சோற்றுக்குத் தவிக்க வேண்டியிருக்காது.

இதில் முக்கியமானது அந்த 1,500 தான். முடிவெட்டு, சோப்பு, காய்ச்சல் மாத்திரை, அறுந்த செருப்பு, ஊருக்குப் போகும் டிக்கெட், கல்யாண மொய் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். இவை தினமும் வருவதில்லை, ஆனால் எந்த மாதமும் வராமல் இருப்பதுமில்லை. "200 போதவில்லை அண்ணா" என்று சொல்பவர்களிடம் என்ன செலவு என்று துருவிக் கேட்டால், திங்கட்கிழமை ஷாம்பு, புதன்கிழமை சார்ஜர் வயர், வெள்ளிக்கிழமை முடிவெட்டு என்று வரும். சாப்பாட்டுக்கு 200 போதுமானதாகவே இருந்திருக்கும். அதில் மற்றவை கைவைத்துவிட்டன.

எனக்கு 150 தான் மிஞ்சுகிறது. எதைக் குறைப்பது?

வயிற்றைக் குறைக்காதீர்கள். முதலில் அறையைப் பாருங்கள். வேலை செய்யும் இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அதே வாடகைக்கு அறை கிடைத்தால் பாஸ் செலவு 1,000 மிச்சம். நாளுக்கு 32 ரூபாய் கூடுகிறது. அதற்கும் வழியில்லை என்றால், வீட்டுக்கு அனுப்பும் தொகையை மூன்று மாதத்துக்குக் குறைத்துக்கொள்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளை பட்டினி கிடந்து அனுப்பும் பணம் என்று தெரிந்தால் எந்த அம்மாவும் அதை வாங்க மாட்டார். நாளுக்கு 100 ரூபாய்கூட மிஞ்சவில்லை என்றால் அது பட்ஜெட் சரிசெய்யக்கூடிய சிக்கல் அல்ல; சம்பளம்தான் போதவில்லை. வேறு வேலை தேடுவதிலும் கூடுதல் வருமானம் பார்ப்பதிலும் நேரத்தைச் செலவிடுங்கள். கணக்கு நோட்டைப் பார்த்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

200 ரூபாயில் மூன்று வேளையும் கடையில் சாப்பிட முடியுமா?

முடியும், மயிரிழையில். காலையில் நான்கு இட்லி 40, மதியம் அளவுச் சாப்பாடு 80, மாலையில் இரண்டு வாழைப்பழம் 10, இரவு தள்ளுவண்டியில் தோசையோ சப்பாத்தியோ 45, இரண்டு டீ 24. கூட்டினால் 199. ஒரு வடை ஆசைப்பட்டாலும் கணக்கு கவிழ்ந்துவிடும். அதனால் என் யோசனை, மூன்று வேளையில் ஒன்றைக் கடையிலிருந்து விடுவித்துவிட வேண்டும் என்பது. காலையோ இரவோ, எது வசதியோ அது. மதியம் மட்டும் வேண்டாம். வேலைக்கு நடுவே நல்ல சாப்பாடு சாப்பிட்டால்தான் மாலை வரை தாங்கும். ஒரு வேளை 15, 20 ரூபாய்க்குள் முடிந்தால், அன்றைக்கு 20 ரூபாயாவது கையில் நிற்கும். அந்த 20 இருந்தால்தான் மற்ற இரண்டு வேளையை நிம்மதியாகச் சாப்பிட முடியும்.

மெஸ் டோக்கன் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டும் மெஸ்ஸில் ஒரு வேளை விலை குறைவுதான். ஆனால் லீவு நாளுக்கும் ஊருக்குப் போன நாளுக்கும் பணம் போய்விடுமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். போகாத நாளுக்குக் கழித்துக்கொள்ளும் மெஸ் என்றால் தயங்காமல் சேரலாம்.

பகல் முழுக்கக் கட்டுப்பாடாக இருக்கிறேன். இரவில்தான் எல்லாம் போய்விடுகிறது. ஏன்?

ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் ஆறரைக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்புகிறார். பஸ்ஸில் நெரிசல். அறைக்கு வந்து சேர எட்டு மணி. ஏழு மணி நேரம் வயிற்றில் டீயைத் தவிர ஒன்றும் இல்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து போனில் ஃபிரைடு ரைஸ் சொல்லுகிறார். கடையில் 120 ரூபாய் விலை போட்டிருக்கும் சாப்பாடு, பேக்கிங், டெலிவரி, அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 200 ஐத் தொட்டுவிடுகிறது. ஒரே கட்டிலில், ஐந்தே நிமிடத்தில், ஒரு நாளின் முழுப் பணமும் போய்விட்டது. அந்த நேரத்தில் அவருக்கு மனக்கட்டுப்பாடு பற்றி யார் என்ன உபதேசம் செய்தாலும் காதில் ஏறாது. பசித்தவர் சாப்பிடத்தான் செய்வார்.

வழி, ஐந்து மணியில் இருக்கிறது. பையில் வறுத்த வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ ஒரு டப்பாவில் வைத்திருங்கள். ஐந்து மணி டீயோடு ஒரு கைப்பிடி. செலவு ஐந்து, ஆறு ரூபாய் ஆகலாம். எட்டு மணிக்குப் பசி இருக்கும், ஆனால் வெறி இருக்காது. தெருமுனை வண்டிக்கு நடந்துபோய் நிதானமாக இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வருவீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால், இதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

அம்மா உணவகத்தில் சாப்பிடச் சங்கடமாக இருக்கிறதே?

எதற்குச் சங்கடம்? 2013 இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய உணவகங்கள் அவை. சுய உதவிக் குழுப் பெண்கள் சமைத்துப் பரிமாறுகிறார்கள். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், மார்க்கெட்டிங் வேலைக்காக வெயிலில் அலையும் பட்டதாரி என்று எல்லோரும் வரிசையில் நிற்கும் இடம். உழைத்துச் சாப்பிடுகிறவருக்கு அங்கே தலைகுனிய ஒன்றுமில்லை. காலைக் கடை 7 மணிக்குத் திறக்கும். பத்து மணிக்கு மேல் போனால் ஏமாற்றம்தான். ஐந்து இட்லி ஐந்து ரூபாய் என்றால், மேலே சொன்ன கணக்கில் காலையிலேயே 35 ரூபாய் மிச்சம். தினமும் போக வேண்டும் என்று இல்லை. வாரத்தில் மூன்று நாள் போனாலே நூறு ரூபாய்க்கு மேல் நிற்கும்.

அறையில் சமைக்கலாமா?

பல மேன்ஷன்களில் அனுமதி கிடையாது. மின்சார விபத்துக்குப் பயப்படுகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. திருட்டுத்தனமாகச் சமைக்க வேண்டாம், உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தால், ஆவித்தட்டு உள்ள சின்ன எலெக்ட்ரிக் குக்கர் ஒன்று போதும்.

ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, இரண்டையும் கழுவிப் போடுங்கள். நறுக்கிய தக்காளி ஒன்று, நசுக்கிய பூண்டு நான்கு பல், மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, உப்பு, சீரகம். தண்ணீர் நான்கு டம்ளர். மேலே ஆவித்தட்டில் கழுவிய முட்டை இரண்டு. குக்கர் தானாக அணையும்போது பருப்புச் சாதம் குழைந்து, முட்டையும் வெந்திருக்கும். ஒரு கரண்டி நல்லெண்ணெய், ஊரிலிருந்து வந்த ஊறுகாய். இரண்டு பேர் வயிறார இரவுச் சாப்பாடு முடிக்கலாம், தலைக்கு 20 ரூபாய் போல ஆகும். ஊரில் ரேஷன் அரிசி மிஞ்சுகிறது என்றால் ஒவ்வொரு முறை வரும்போதும் இரண்டு கிலோ எடுத்துவாருங்கள், இன்னும் குறையும்.

இரவு தோறும் நூடுல்ஸ் மட்டும் சாப்பிட்டு மிச்சம் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. முட்டை, சுண்டல், வேர்க்கடலை, தயிர் இவற்றில் ஒன்றாவது தினமும் வயிற்றுக்குள் போக வேண்டும். உடம்பு கெட்டால் மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விடும்.

டீயை நிறுத்திவிடச் சொல்கிறார்களே?

நான் சொல்ல மாட்டேன். இரண்டு டீ 24 ரூபாய், அதற்கு மேல் ஒரு பத்து நிமிட நிழலும் பேச்சும் கிடைக்கிறது. டீயோடு ஒட்டிக்கொண்டு வருபவைதான் பணத்தைத் தின்கின்றன. போகிறபோக்கில் எடுக்கும் வடை, பிஸ்கட், எல்லாவற்றையும்விட சிகரெட். ஒரு சிகரெட் விலைக்கு ஒரு டீயைக் குடித்துவிட்டு மேலும் காசு மிஞ்சும். நாளுக்கு மூன்று என்றால் ஒரு வேளைச் சோற்றைப் புகைத்துவிடுகிறீர்கள்.

டீக்கடையில் 'அக்கவுண்ட்' வைத்துக்கொள்வதையும் விட்டுவிடுங்கள். கடைக்காரர் நல்லவர்தான். ஆனால் கையிலிருந்து காசு போகாதபோது எத்தனை வடை சாப்பிட்டோம் என்பது நினைவில் நிற்பதில்லை. மாதம் முடிந்து நோட்டைக் காட்டும்போதுதான் தெரியும்.

பஸ் பாஸ் வாங்குவது லாபமா?

எல்லோருக்கும் இல்லை. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 1,000 ரூபாய் மாத பாஸில் ஏ.சி. பஸ் தவிர மற்றவற்றில் விருப்பம்போல் ஏறி இறங்கலாம். மாதம் 26 நாள் வேலை என்றால், ஒரு வழிக்கு 15 ரூபாய் டிக்கெட் எடுப்பவருக்கு மாதச் செலவு 780 தான். பாஸ் வாங்கினால் நஷ்டம். ஒரு வழிக்கு 20 ரூபாய் என்றால் 1,040, பாஸ் லாபம். இரண்டு பஸ் மாறிப் போகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். வெள்ளைப் பலகை சாதாரண பஸ்ஸில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். அந்த பஸ் அடிக்கடி வரும் தடம் என்றால் பாஸே தேவைப்படாது.

மின்சார ரயில் தடத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடற்கரை – தாம்பரம் தடமோ, அரக்கோணம் தடமோ, மாத சீசன் டிக்கெட் எடுத்தால் தினம் தினம் டிக்கெட் எடுப்பதைவிட மிகவும் குறைவு. அறை தேடும்போதே ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் தேடுங்கள்.

பெண்கள் விடுதியில் இருக்கிறேன், சாப்பாடு அங்கேயே. எனக்கும் இதே கணக்கா?

இல்லை. உங்கள் சாப்பாட்டுப் பணம் விடுதிக் கட்டணத்திலேயே போய்விட்டது. வெளியே சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் நீங்கள் இரண்டு முறை பணம் கொடுக்கிறீர்கள். மதியத்துக்கு டப்பாவில் கட்டித் தருவார்களா என்று கேட்டுப்பாருங்கள். தந்தால் உங்கள் நாள் தொகை 60, 70 ரூபாய்க்குள் அடங்கும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. ஆகவே பாஸ் வாங்கும்முன் உங்கள் தடத்தில் அந்த பஸ் எத்தனை வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரவு நேரத்து ஆட்டோ காசை நாள் பட்ஜெட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 500 ரூபாயைத் தனியாகப் பையில் வைத்திருங்கள். இருட்டில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, இன்றைய 70 இல் எவ்வளவு மீதி என்று ஒரு பெண் யோசிக்கும்படியான பட்ஜெட் தேவையே இல்லை.

ரொக்கமாக வைத்துக்கொள்வதா, போனிலேயே செலுத்துவதா?

ஞாயிறு இரவு 1,400 ரூபாயைத் தனியாகப் பிரித்துவிட்டால் எதுவும் சரிதான். ரொக்கம் என்றால் ஏழு கவரில் இருநூறு இருநூறாகப் போட்டுவைக்கலாம். போன்தான் வசதி என்பவர்களுக்கு யுபிஐ லைட் இருக்கிறது. சின்னத் தொகைகளுக்காக 2022 இல் வந்த வசதி அது. வங்கிக் கணக்கிலிருந்து வாரப் பணத்தை மட்டும் அதற்கு மாற்றிவிட்டு, டீ முதல் சாப்பாடு வரை அதிலிருந்தே கொடுங்கள். தானாகப் பணம் நிரப்பிக்கொள்ளும் வசதியை அணைத்துவைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் வாரக் கணக்கு என்பதற்கே அர்த்தமில்லை. சம்பளக் கணக்கிலிருந்து நேராக டீக்கடைக்குப் பணம் போகக் கூடாது. 12,000 இருக்கும் கணக்கிலிருந்து 12 ரூபாய் கொடுக்கும்போது அது செலவாகவே தெரிவதில்லை.

தினமும் எழுதிவைக்க வேண்டுமா?

ஒரு வரி போதும். "செவ்வாய்: 200 + 18 – 171 = 47." அன்றைய தொகை, நேற்றைய மீதி, செலவு, இன்றைய மீதி. எதற்குச் செலவானது என்று எழுத வேண்டியதில்லை. அதையெல்லாம் எழுதத் தொடங்கியவர்கள் ஒரு வாரத்தில் சலித்துப்போய் நோட்டையே மூடிவிடுகிறார்கள். மீதியை மறுநாளுக்குக் கொண்டுபோங்கள். சனிக்கிழமை இரவு கையில் நிற்பது ஞாயிற்றுக்கிழமைக்கு. அது பிரியாணியாகவும் இருக்கலாம், சினிமா டிக்கெட்டாகவும் இருக்கலாம், அதைச் செலவழியுங்கள். ஆறு நாள் இறுக்கிப் பிடித்தவருக்கு ஏழாம் நாளில் ஒன்றும் கிடைக்காவிட்டால் இரண்டாவது வாரம் கை தானாகத் தளர்ந்துவிடும்.

ஒரே நாளில் 350 ஆகிவிட்டது. மறுநாள் 50 ரூபாயில் ஓட்டவா?

வேண்டவே வேண்டாம். 50 ரூபாயில் ஓட்டினால் இரவு எட்டு மணிக்கு அந்தப் பழைய பசி வந்து நிற்கும், இன்னொரு 200 போகும். கூடுதலான 150 ஐ ஐந்தால் வகுத்து, நாளுக்கு 30 குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் 170 ரூபாய். ஆறாம் நாள் பழைய கணக்கு. வாரத்தில் இரண்டு முறை இப்படி ஆகிறது என்றால் 200 என்பதே உங்களுக்குத் தவறான தொகை. முதல் கேள்விக்கான பதிலில் உள்ள ஒதுக்கீடுகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

நண்பர்கள் ட்ரீட் கேட்கிறார்கள், கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியவில்லையே?

தொகையைச் சொல்லிவிடுங்கள். "இந்த வாரம் என்னிடம் அறுபது ரூபாய்தான் இருக்கிறது, அதற்குள் என்றால் வருகிறேன்" என்று ஒருமுறை சொன்னால் போதும், வெட்கம் போய்விடும். பெரும்பாலும் இன்னொருவரும் "எனக்கும் அதேதான்" என்பார். பிறந்தநாள் ட்ரீட்டை முன்கூட்டியே தனி உண்டியலில் சேருங்கள். மொய்க்கு விரலுக்கேற்ற வீக்கம்தான். நெருங்கிய உறவில் ஐந்நூறு வைத்தால் வேறு இடத்தில் நூறு வைத்துவிட்டு வாருங்கள். நேரில் போய் நின்றதைத்தான் கல்யாண வீட்டார் நினைவில் வைத்திருப்பார்கள்.

மாதக் கடைசியில் கடன் செயலியில் ஆயிரம், இரண்டாயிரம் வாங்கிச் சமாளிக்கலாமா?

கூடாது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். மொத்த வட்டி, கட்டணம் எல்லாம் கையெழுத்துக்கு முன்பே ஒரு தாளில் தெரிவிக்கப்பட வேண்டும். போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கும் செயலி எதுவாக இருந்தாலும் உடனே நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு பணமும் இழந்து மிரட்டலும் வருகிறது என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். மிரட்டலுக்குப் பயந்து இன்னொரு செயலியில் வாங்கிக் கட்டாதீர்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

தெருவில் கிடைக்கும் கடனும் மலிவு இல்லை. "பத்து வட்டி" என்றால் நூறுக்கு மாதம் பத்து ரூபாய். வருடத்துக்கு 120 சதவீதம். கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. அவசரம் என்றால் நண்பரிடம் கைமாற்றாக வாங்குங்கள், சம்பளம் வந்த அன்றே முதல் வேலையாகத் திருப்பிக் கொடுங்கள்.

குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு நாள் கணக்கு சரிப்படுமா?

முழுதாகச் சரிப்படாது. அரிசி, பருப்பு, எண்ணெய் மாதக் கணக்கில் வாங்க வேண்டியவை. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்போது அதை வாங்காமல் விடுவது பெரிய இழப்பு. பால், காய்கறி, பிள்ளைகளின் தின்பண்டம் இவற்றுக்கு மட்டும் நாள் தொகை வையுங்கள். உங்கள் பகுதியில் உழவர் சந்தை இருந்தால், அங்கே பலகையில் எழுதியிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாரத்துக்கு இரண்டு முறை வாங்கலாம்.

31 ஆல் வகுத்தோம். பிப்ரவரியில் 28 நாள்தானே, மீதி என்ன செய்வது?

மூன்று நாள் பணம், 600 ரூபாய். அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம், ஐந்து வருடம் கட்ட வேண்டும். ஏற்கெனவே கணக்கு இருந்தால் அடுத்த சில மாதத் தவணைக்கு எடுத்துவையுங்கள். கணக்கு இல்லை, காலில் செருப்பும் தேய்ந்துபோயிருக்கிறது என்றால், நல்ல செருப்பாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பஸ் நிறுத்தத்துக்கு நடப்பவர்களுக்கு அது முதலீடுதான்.